யூசுவா பொறுக்கிய கற்கள்

பூமி சூடாகிறது, இனி உங்களுக்கு நல்ல காலம்தான் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனவர்களை வரிசையாக நிறுத்தினால், கிங்குவா கிராமத்திலிருந்து படகுத்துறை வரைக்கும் நிற்பார்கள். ஒருத்தர் காலிலும் சேறு இருக்காது.

ஒரு கோடையில் படம் பிடிக்கிறவன் ஒருவன் வந்தான். ஆட்டுக்காரன் எஃப்ராயிம் வீட்டுச் சன்னலுக்கு உள்பக்கம், அடுப்புச் சூட்டில், அவன் மனைவி பிபியானே ஒரு தொட்டியில் ஸ்ட்ராபெரி வளர்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பழம். அவன் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பின்னால் பனிப்பாறை மிதப்பது தெரிகிற மாதிரி வைத்துப் படம் எடுத்தான். கிரீன்லாந்தின் பழத்தோட்டம் என்று அது ஊர் உலகமெல்லாம் போனதாம். எடுத்து முடித்ததும் தோட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவனே தின்றுவிட்டுப் போனான்.

அந்தப் படத்தில் தெரியாமல் போனது என்ன தெரியுமா கண்ணுகளா? தொட்டிக்குப் பின்னால் இருந்த கீழ்வயல். ஜூலை மாதம். முழங்கால் உயரம் நிற்க வேண்டிய புல், கணுக்காலைக்கூட மறைக்கவில்லை. சூடு வந்தது, வாஸ்தவம். மழையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. பனிமலையிலிருந்து இறங்குகிற வறட்டுக் காற்று மூன்று நாள் அடித்தால் போதும், மண் மாவாகப் பறந்துவிடும். இரண்டு கோடை அப்படி. ஆட்டுக்குக் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் புல் போட வேண்டும். வெட்டி உலர்த்தி வைத்த புல் பிப்ரவரியிலேயே தீர்ந்தது. கப்பலில் டென்மார்க்கிலிருந்து வந்த புல்லுருண்டைகளைப் பார்த்து எஃப்ராயிமின் கிடா கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு இருந்த ரோஷம் எங்கள் மந்திரிகளுக்கு இல்லை.

மலை ஒரு பக்கம். எங்கள் மலைக்குள் காந்தம் செய்கிற உலோகம் இருக்கிறதாம். அது இல்லாமல் போனும் ஓடாதாம், காற்றாலையும் சுற்றாதாம். அதோடு ஒட்டிக்கொண்டு யுரேனியமும் இருக்கிறது. அதைத் தோண்ட வந்த கம்பெனிக்காரர்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். பூமி சூடாவதை நிறுத்தத்தான் இந்த மலையைத் தோண்டுகிறோம் என்றார்கள். சூடானதால் உங்களுக்கு லாபம் என்று சொன்ன அதே வாய். இரண்டையும் கேட்டுக்கொண்டே அவர்கள் கொண்டுவந்த கேக்கை நாங்களும் தின்றோம். எங்களைச் சும்மா சொல்லக்கூடாது.

நான் தபீதா. பட்டணத்தில் ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டியில் முப்பது வருஷம் குடல் கழுவினேன். செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்குகிற வாரம் கிங்குவாவில் எஃப்ராயிம் வீட்டில் சமையல் என் பொறுப்பு. அந்த வீட்டுக்கு நான் உறவு இல்லை. ஆனால் அந்த வீட்டுப் பானை என்னென்ன கேட்டதோ அதையெல்லாம் நானும் கேட்டேன்.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது எஃப்ராயிமின் கீழ்வயல். மலையிலிருந்து துறைக்கு லாரி போக வேறு சமதளம் கிடையாது. எங்கள் நாட்டில் மண் யாருக்கும் சொந்தமில்லை. வீடு உன்னுடையது, வீட்டுக்கு அடியில் இருக்கிற தரை எல்லோருடையது. வேலி போட்டுப் புல் வெட்டிக்கொள்ளும் உரிமை மட்டும் எஃப்ராயிமுக்கு உண்டு. அவன் அப்பா யூசுவா அந்த வயலைக் கல்லிலிருந்து பிய்த்து எடுத்தபோது கிடைத்த உரிமை. அவனாக மனசார விட்டுக்கொடுத்தால் ஒழிய அதில் ஒரு லாரியும் போக முடியாது. விட்டுக்கொடுத்தால் அங்கே ஆடும் இல்லை, அவனும் இல்லை.

கம்பெனியிலிருந்து முதலில் மூன்று பேர் வந்தார்கள். எஃப்ராயிம் நாயை அவிழ்த்துவிட்டான். அடுத்து ஒரு நிபுணர் வந்து வயலை அளந்தார். வயலோரத்தில் பழைய யூசுவா பொறுக்கிக் குவித்த கற்குவியலைப் பார்த்து, "காலம் தெரியாத புராதனச் சிதைவு" என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். படித்தவர்கள்.

சின்ன யூசுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய யூசுவா ஒரு ஏப்ரலில் மழையில் நனைந்து, சளி பிடித்துச் செத்தார். மூன்று வாரம் கழித்து, கடற்கழிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயர் வைத்துவிட்டால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் தாத்தா பெயரை வைத்த பேரனை மருமகள் பெயர் சொல்லி அதட்ட மாட்டாள். இருபத்தெட்டு வயசு எஃப்ராயிம் படகை வலித்துக்கொண்டு போய், தொட்டிலுக்கு முன்னால் மண்டிபோட்டு, "அப்பா, வந்துட்டீங்களா?" என்று அழுதான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு அப்பா. வருஷத்தின் முதல் குட்டி அவளுக்கு. நாலு வயசில் அவளும் அவனை "மகனே, மூக்கைச் சிந்து" என்று அதட்டுவாள். அவனும் சிந்துவான். பள்ளிக்கூடம் போன பிறகு அவளுக்கு வெட்கம் வந்தது. பிறகு டென்மார்க் போய்ப் படித்தாள். திரும்பியபோது 'மாமா' என்றாள். அவன் மட்டும் மாறவில்லை.

பழைய யூசுவாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் பல் கிடையாது. ஆட்டு நெஞ்செலும்பின் குருத்து என்றால் உயிர், கடிக்கத்தான் வழியில்லை. மருமகளாக வந்த பிபியானே அதை நறுக்கி, மசித்து, என்னென்னவோ செய்து பார்த்தாள். அவர் சப்பிவிட்டுத் தட்டில் வைத்துப் பெருமூச்சு விடுவார். "போகட்டும் பிள்ளே. அடுத்த தடவை பல்லோட வரேன்."

சின்ன யூசுவாவுக்கு இருபத்தாறு வயசு நிறைந்த அன்று காபி விருந்து. அவள் அப்போது கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஊர்க்காரர்களிடம் பேசுகிற வேலை. ஊர்க்காரி ஊர்க்காரர்களிடம் பேசுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் அதிலேயே தெரிய வேண்டாமா, பேசப்போவது அவள் பேச்சு இல்லை என்று? மஞ்சள் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள், முதுகில் கம்பெனி சின்னத்தோடு. அவளுடைய மேலாளர் டென்ஹாம் என்கிற வெளிநாட்டுக்காரனும் விருந்துக்கு வந்திருந்தான். பூட்ஸைக் கழற்றச் சொன்னபோது, தன்னை ஏதோ உடல் பரிசோதனைக்குக் கூப்பிட்டது போல முழித்தான்.

எஃப்ராயிம் வந்தான். ஐம்பத்துநாலு வயசு, கதவு நிறைய ஆள். தொப்பியை எடுத்துவிட்டுக் குனிந்து அவள் கன்னத்தில் மூக்கை வைத்தான்.

"பிறந்தநாள் வாழ்த்துங்கப்பா. கையுறை பின்னியிருக்கா பிபியானே. உங்களுக்கு எப்பவும் இடது கைதானே குளிரும்."

டென்ஹாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெண்ட்ரிக் வாத்தியாரின் விலாவில் இடித்தான். வாத்தியார்தான் கூட்டங்களில் அவனுக்கு மொழிபெயர்க்கிறவர். அவர் அவன் காதில் விஷயத்தைச் சொன்னார். டென்ஹாம் சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டான். கேக் செய்முறை என்று நினைத்தேன். நானும் பெரிய புத்திசாலிதான்.

ஆகஸ்டு கடைசி. புல்வெட்டுக்குக் கை கொடுக்க நானும் கிங்குவா போயிருந்தேன். கீழ்வயலில் வெட்டிய புல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். திருப்ப என்ன இருந்தது? புல் வாருகிற வாரியை இழுத்தால் பாதி பல்லில் ஒன்றும் மாட்டவில்லை. பிபியானே முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி இழுத்தாள். ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இழுத்ததில் போன முழங்கால் அது.

"அக்கா, இதைப் பாரு. இது புல்லா, கிழவன் தாடியா?" என்றாள் என்னிடம்.

"தாடி இதைவிட அடர்த்தியா இருக்கும்."

"கம்பெனிக்காரன் புல்லு தரேங்கறான். நாம வெட்டற மாதிரி ரெண்டு பங்கு, கப்பல்ல, நாம சாகற வரைக்கும். பட்டணத்துல ஆட்டுக்கொட்டகையோட வீடு. மாடிப்படி இல்லாத வீடு. இவரு நாயை அவுத்து விடறாரு."

"கப்பல் புல்லை உன் கிடாவே திங்கல."

"கிடாவுக்கு முழங்கால் வலி இல்ல." அவள் நிமிர்ந்து எஃப்ராயிம் காதில் விழுகிற மாதிரி சத்தம் போட்டாள். "இந்த வீட்ல கிடா, நாய், செத்துப்போன மாமனார், எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கு! என்னை மட்டும் யாரும் கேக்கறதில்ல!"

எஃப்ராயிம் வாரியை நிறுத்தினான். "மலையைத் தோண்டினா தூசி எங்க விழும்? நம்ம புல்லு மேல. புல்லு ஆட்டுக்குள்ள. ஆட்டைப் பட்டணத்துல எவன் வாங்குவான்?"

"தூசி விழாதுங்கறாங்க."

"சொன்னவன் மூஞ்சியில முகமூடி இருந்துச்சு."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் சொன்னதிலும் தப்பில்லை கண்ணுகளா. அதுதான் எரிச்சல். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில்தான் அயோக்கியன் நடுவில் பாதை போடுவான்.

அன்று மத்தியானம் படகில் வந்து இறங்கியது மஞ்சள் கோட்டு. சின்ன யூசுவா தனியாக வந்தாள். நாய் அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. அதற்கும் அவள் எசமான்தானே. நான் காபியை ஊற்றினேன். அவள் ஒரு வாய்கூடக் குடிக்காமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"மாமா, கம்பெனி அனுப்பிச்சு வந்திருக்கேன். கீழ்வயல் உரிமையை விட்டுக்கொடுக்கறதா ஒரு காகிதம். நீங்க நல்லா யோசிச்சு..."

"அப்பா, நீங்க கேக்கறீங்களா?"

"நான்... ஆமா, என்னைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"பேனா குடுங்க."

பிபியானேயின் கையிலிருந்த வாரி கீழே விழுந்தது.

"படிச்சுப் பாருங்க மாமா. ஒன்பது பக்கம் இருக்கு."

"நீங்க படிச்சிருப்பீங்களே அப்பா. நீங்க பொறுக்கின வயலு. நீங்க குடுன்னா குடுக்கறேன்." புல்தூசி ஒட்டிய விரலால் பேனாவை உளி மாதிரி பிடித்துக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு எழுந்து வயலைத் தாண்டி நடந்து போனான். கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றான். வெளியே வர நேரமானது.

பிபியானேவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவள் கெஞ்சியும் அசையாதது, ஒரு கோட்டைப் பார்த்து அசைந்துவிட்டது. "நான் சொன்னா நடக்காது. மாமனார் சொன்னா செத்தப்புறமும் நடக்கும்" என்று வாரியைப் பொறுக்கினாள்.

யூசுவா கற்குவியல் மேல் போய் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

"தபீதா அத்தை, அவரு முடியாதுன்னு சொல்வாருன்னு நெனச்சேன். சத்தியமா. போனேன், கேட்டேன், மாட்டேன்னுட்டாருன்னு சொல்லி முடிச்சுடலாம்னு. முன்னாடி வந்த மூணு பேர் மேலயும் நாயை விட்டாரே!"

"அவங்க யாரும் அவன் அப்பா இல்லையே."

அவள் முகம் வெளுத்தது. மறந்தே போயிருந்தாள் கழுதை. நாலு வயசில் தெரிந்தது இருபத்தாறு வயசில் மறந்துவிடுகிறது. அதற்குப் பெயர் படிப்பு.

"உன்னை ஏன் அனுப்பினான்னு நெனக்கற? உன் டென்மார்க் பட்டத்துக்கா? பிறந்தநாளைக்கு நோட்டுல எழுதினானே, அதுக்கு."

காபியைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் படகுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் படகில் திரும்பி வந்துவிட்டாள். எஃப்ராயிம் கொட்டகை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, காகிதம் என் பையிலதான் இருக்கு. இன்னும் குடுக்கல. நீங்க வேணாம்னு சொல்லுங்க, இங்கயே கிழிச்சுடறேன்."

அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை. லேசாகச் சிரித்தான். "தெரியுங்கப்பா. இப்படித்தான் கேப்பீங்க. எனக்குப் பத்து வயசுல, நான் வளத்த கறுப்புக் குட்டியைக் கறிக்குக் குடுத்துடறேன்னு சொன்னதும் மறுநாள் வந்து 'வேணாம்னா வெச்சுக்கோடா'ன்னீங்க. நான் வெச்சுக்கிட்டேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல நீங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான்னு அன்னிக்குக் கத்துக்கிட்டேன். இந்தத் தடவை ஏமாற மாட்டேன்."

"சோதிக்கல மாமா! நெஜமாத்தான் சொல்றேன்!"

"அப்பவும் நெஜமாத்தான் சொன்னீங்க."

சொல்லுங்கள், இதற்கு என்ன செய்வது? வேறு ஊர்க்காரன் என்றால் வக்கீலிடம் போவான். எங்கள் ஊர்க்காரன் செத்தவருக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அவளோ 'மாமா, மாமா' என்று அரற்றினாள். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு வேறு சொல் வந்தால் போதும் என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பிபியானேவுக்கும் தெரிந்தது. அவளுக்கு மாடிப்படி இல்லாத வீடு வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம், அதனால் நானும் மூடிக்கொண்டேன். யாரையும் நான் உயர்த்திச் சொல்லப் போவதில்லை.

காகிதத்தை அவள் கிழிக்கவும் இல்லை. கிழித்தால் டென்ஹாம் இன்னொன்று அனுப்புவான், எஃப்ராயிம் அதிலும் போடுவான். அவன் வாக்குக் கொடுத்தது காகிதத்துக்கு இல்லை.

செப்டம்பர் வந்தது. ஆடு இறக்குகிற வாரம். பதினான்கு பேர் மலைமேல் ஏறி, வரிசையாக ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில் பரவி, கத்திக்கொண்டே இறங்கி வரவேண்டும். மேட்டு வரிசையில் ஒரு ஆள் குறைந்தது. யூசுவா வந்து நின்றாள். கூப்பிடாமலே வந்தாள். எஃப்ராயிம், பழைய யூசுவா நடக்கிற முகட்டைக் கையால் காட்டினான்.

இரண்டு நாள். முதல் நாள் வெயில், கல்லெல்லாம் சுட்டது. இரண்டாம் நாள் பனிமூட்டம், முன்னால் போகிற ஆட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது. மேலேயிருந்து அவள் குரல் மட்டும் இறங்கி வந்தது. "ஹே...ய்! ஹே...ய்!" முதல் நாள் அது பட்டணத்துக் குரலாக இருந்தது. இரண்டாம் நாள் மாலை தொண்டை கட்டி, கரகரவென்று ஆனது. கீழே நின்ற எஃப்ராயிம் அதைக் கேட்டுத் தலையைத் தூக்கினான். "கேட்டியா அக்கா?" என்றான். நான் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே, "கேட்டேன்" என்றேன்.

அறுநூறு ஆடும் பட்டிக்குள் வந்தன. மெலிந்த ஆடுகள். முதுகைத் தடவினால் எலும்பு எண்ணலாம். கறியும் அரிசியும் வெங்காயமும் போட்டு சுவாசாத் சூப் காய்ச்சினேன். எல்லோரும் நின்றுகொண்டே குடித்தார்கள். யூசுவாவின் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிப் போயிருந்தது. பிபியானே பார்த்தாள். வெந்நீர் கொண்டுவந்து அவள் முன்னால் டமால் என்று வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை பட்டணத்தில் கூட்டம். உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தை ஊர் முன்னால் வாசிக்க வேண்டும். உரியவன் எழுந்து 'ஆமாம்' சொன்னால்தான் செல்லும். கூட்டம் பகல் பதினொரு மணிக்கு. கேக் ஏழு வகை. கம்பெனி உபயம். நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது என்று விளக்குகிற ஒரு டாக்டரையும் கூட்டிவந்திருந்தார்கள். அவர் இடைவேளையில் வெளியே போய்ச் சிகரெட் பிடித்தார்.

ஒரு மூலையில் கம்பெனி வேண்டாம் என்கிற கூட்டம், தலைநகரிலிருந்து வந்தவர்கள், கையில் பதாகை. அவர்கள் போட்டிருந்த தொப்பியில் ஆட்டின் படம் இருந்தது. ஆட்டை அவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள். வடக்கேயிருந்து வந்த சீல் வேட்டைக்காரர் ஒருவர், "புல்லுக்காரங்க சண்டையில நமக்கென்ன" என்று சொல்லிக்கொண்டே ஏழு வகையிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டார். அவர் ஒருவர்தான் நேர்மையானவர்.

டென்ஹாம் எழுந்தான். "நம் யூசுவாவே இதை வாசிப்பாள்" என்று பெருமையாகச் சொன்னான். அது அவன் வைத்த கடைசி ஆணி. அப்பா வாசித்தால் மகன் மறுப்பானா?

அவள் மஞ்சள் கோட்டோடு முன்னால் போனாள், நொண்டிக்கொண்டு. ஒன்பது பக்கத்தையும் வாசித்தாள். கட்டிப்போன தொண்டை, கடைசிப் பக்கத்தில் குரலே இல்லை. மடித்து வைத்தாள். ஊர்த்தலைவர், "எஃப்ராயிம், என்ன சொல்ற?" என்றார். எஃப்ராயிம் எழுந்தான். தொப்பியைக் கையில் கசக்கினான். வாயைத் திறந்தான்.

"மகனே" என்றாள் அவள்.

கரண்டிச் சத்தம் நின்றது. எஃப்ராயிமின் வாய் திறந்தபடியே நின்றது. இருபது வருஷமாகக் கேட்காத சொல்.

டென்ஹாம் வாத்தியார் பக்கம் சாய்ந்தான். வாத்தியார் மொழிபெயர்த்தார். "மகனே என்று கூப்பிடுகிறாள்."

"அவளுக்கு மகன் இருக்கிறானா? எங்கே?"

"அதோ. ஐம்பத்துநாலு வயசு."

டென்ஹாமுக்குத் தெரியாததில்லை. அவன் நோட்டில் எழுதிவைத்ததுதான். ஆனால் அது இந்தப் பக்கமும் வெட்டும் என்று எழுதிவைக்கவில்லை.

"மகனே, கீழ்வயல்ல நான் எத்தனை வருஷம் கல்லு பொறுக்கினேன்?"

"பதினோரு வருஷங்கப்பா."

"தீந்துதா?"

"எங்க தீரும்? குளிர்ல மண்ணு உறைஞ்சு உறைஞ்சு அடியில இருக்கறதை மேல தள்ளிவிடுது. ஒவ்வொரு ஜூன்லயும் பொறுக்கறோம்."

"யாருக்காகப் பொறுக்கினேன்?"

"ஆட்டுக்காக."

"லாரிக்காக இல்லையே?"

"அப்ப நம்ம ஊர்ல லாரியே கெடையாதேப்பா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கோட்டின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்து, முறுக்கி, கடைசியில் தலைவழியாகக் கழற்றி நாற்காலியில் போட்டாள். உள்ளே ஆட்டு வாசனை அடிக்கிற பழைய ஸ்வெட்டர்.

"போன மாசம் உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு கேட்டேன். கேட்டது நான் இல்ல, கோட்டு. இப்ப நான் சொல்றேன். வயலைக் குடுக்காத."

எஃப்ராயிம் அவளையே பார்த்தான். "அப்பா... இது சோதனை இல்லையே?"

"இல்லடா."

"கறுப்புக் குட்டி மாதிரி...?"

"கறுப்புக் குட்டி விஷயத்துல நான் தப்பு பண்ணினேன். நீ சின்னப்பையன். நீ வெச்சுக்கிட்டது சரிதான்."

அந்தப் பெரிய உடம்பு ஒருமுறை குலுங்கியது. அப்புறம் தலைவரிடம் திரும்பி, "அப்பா வேணாங்கறாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். ஒரு கேக்கை எடுத்து முழுசாக வாயில் திணித்துக்கொண்டான்.

"இது சட்டப்படி செல்லாது!" என்று டென்ஹாம் குதித்தான். "அவள் என் ஊழியர்! அவள் எப்படி அவனுக்கு..."

வாத்தியார் இதை மொழிபெயர்க்கவில்லை. "காபி ஆறுது சார்" என்றார்.

பிபியானே எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நொண்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் முழங்காலை அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை. நான் உட்பட.

தொப்பிக்காரர்கள் எஃப்ராயிமைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இயற்கையின் காவலன் என்று ஒருத்தி மைக்கை நீட்டினாள். "அப்பா சொன்னாரு" என்றான். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றாள். "அப்பா சொன்னாருங்க" என்றான். அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்களோ. படகு பிடித்துப் போய்விட்டார்கள். ஒருத்தர்கூட ஒரு கட்டுப் புல் கொண்டுவரவில்லை.

ஏனென்றால் புல் இல்லை, கண்ணுகளா. வயல் மிஞ்சியது, புல் மிஞ்சவில்லை. கம்பெனிக் கப்பலும் இல்லை. இருக்கிற புல்லுக்குத் தகுந்த மாதிரி மந்தையைக் குறைக்க வேண்டியதாயிற்று. அந்த அக்டோபரில், இன்னும் நாலு ஈற்று ஈனக்கூடிய தாயாடுகள் எழுபது ஆட்டுத்தொட்டிக்கு வந்தன. ஆள் பற்றாது என்று என்னைக் கூப்பிட்டார்கள். குடலைக் கழுவும்போது எஃப்ராயிம் காதுக்குறி போட்ட தலைகளைப் பார்க்காமல் கழுவினேன். நியாயம் ஜெயித்தால் அது ஆட்டுக்குத் தெரியாது.

கம்பெனி ஓடிவிட்டது என்று நினைக்காதீர்கள். மலையின் மறுபக்கம் பாதை தேடுகிறார்கள். டென்ஹாம் போய் இன்னொருவன் வந்தான், இவன் பூட்ஸைத் தானாகவே கழற்றுகிறான். மந்திரிகள் மறுபடி வந்து, இன்னும் முப்பது வருஷத்தில் நீங்கள் ஆப்பிள் பயிரிடுவீர்கள் என்றார்கள். ஆப்பிளை யார் பொறுக்குவது என்று சொல்லவில்லை.

யூசுவாவின் வேலை அந்தச் சனிக்கிழமையே போயிற்று. குளிர்காலம் முழுக்கப் பட்டணத்தில் இறால் ஆலையில் நின்றாள். பிபியானே அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு எஃப்ராயிம் போய் "அப்பா" என்று குனிந்தபோதும், பிபியானே படகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் வந்தது. உறைந்த மண் இளகியது. கீழ்வயல் வழக்கம்போல் கல் ஈன்றிருந்தது. ஒரு காலையில் சின்னப் படகு வந்தது. யூசுவா, ரப்பர் பூட்ஸ், இடது கையில் மட்டும் பிபியானே பின்னிய கையுறை. வந்ததும் வயலின் கீழ்க்கோடியில் ஆரம்பித்தாள். குனிவாள், எடுப்பாள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ப் புராதனச் சிதைவின் மேல் போடுவாள். எஃப்ராயிம் மேல்கோடியில் ஆரம்பித்தான். மத்தியானம் நடுவில் சந்தித்தார்கள். அதற்குள் லேசாக மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. மூன்று வருஷத்தில் ஜூனில் பார்க்காத மழை. அதை நம்பி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், மறுநாளே நின்றுவிட்டது.

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பிபியானே அடுப்பில் என்னத்தையோ கிளறிக்கொண்டிருந்தாள். முழங்காலைத் தேய்த்தாள். கிளறினாள். கடைசியில் கதவைத் திறந்து கத்தினாள்.

"மாமனாரே! மழையில நின்னா மறுபடியும் சளி பிடிச்சுச் சாவீங்க! பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க!"

யூசுவா வந்தாள். ஈரத்தோடு, பழைய யூசுவா உட்காருகிற சன்னலோர நாற்காலியில், எங்கே உட்காருவது என்று யோசிக்காமல் உட்கார்ந்தாள். பிபியானே தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். ஆட்டு நெஞ்செலும்பு, முழுசாக, குருத்தோடு. நறுக்கவில்லை. மசிக்கவில்லை.

வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"பல்லோட வரேன்னு சொன்னீங்கல்ல? கடிங்க."